கண்ணாடிக் கொடாப்புக்குள் கள்ளிச்செடியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரவேற்பறையை அழகாக்குவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கண்ணாடிக் குடுவைக்குள் குட்டிக் கள்ளிச்செடி, கண்ணாடிக் குடுவைக்குள் எரியும் மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குடுவைக்குள் பச்சைப் பாசி. படங்கள் நன்றாகத்தான் இருந்தன, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்றில் இரண்டு வேலைக்கு ஆகாது, மூன்றாவதை எப்படிச் செய்வது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கண்ணாடியைக் கழுவி, துடைத்து, உடைந்தால் பதிவேட்டில் எழுதி, அதற்குத் திட்டும் வாங்கியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாமல் வெட்டுவதானால் வரலாற்றை வெட்டுங்கள், செடி பற்றியதை வெட்டிவிடாதீர்கள்.

முதலில் அந்தப் பெயர். குடுவை என்றால் வாய் மேலே இருக்க வேண்டும், அதில் எதையாவது ஊற்ற வேண்டும். இது வாயைக் கீழே வைத்துக் கவிழ்ப்பது. பள்ளிக்கூடத்தில் மணி ஜாடி என்போம், சார்கள் பெல் ஜார் என்பார்கள், ஆன்லைனில் கிளாஸ் டோம் என்றும் இன்னும் கொஞ்சம் ஸ்டைலாக குளோஷ் என்றும் போட்டு விலையைக் கூட்டிவிடுகிறார்கள். பிரெஞ்சில் அதற்கு மணி என்றுதான் பொருளாம், வடிவம் அப்படி. எனக்கு என்னவோ அதைப் பார்த்தால் கோழியைக் கவிழ்த்து மூடும் கொடாப்புதான் ஞாபகம் வருகிறது. தெற்கே பஞ்சாரம் என்பார்கள், எங்கள் பக்கம் கொடாப்பு. சாயந்திரம் கோழியையும் குஞ்சுகளையும் பிடித்துவந்து கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு ஆயா வந்து படுப்பார். உள்ளே இருப்பது உள்ளே, பூனை வெளியே. கண்ணாடிக் கொடாப்பின் வேலையும் அதேதான், என்ன, உள்ளே இருப்பது வெளியே தெரியும்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. மூங்கில் கொடாப்பில் இடுக்கு இருக்கிறது, கண்ணாடியில் இல்லை. உள்ளே வைக்கிற பொருள் மூச்சு விடாமல் இருக்கக் கூடியதா என்று பார்க்காமல் மூடினால் அந்த அழகு ஒரு மாதம் தாங்காது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு வரியில் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு மணி ஜாடிகள் இருந்தன. ஒன்று பௌதிகத்துக்கு, கனமானது. விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். அதில் வாசலின் தடவி காற்றிறைக்கும் கருவியின் தட்டில் அழுத்தி வைக்க வேண்டும். உள்ளே ஒரு மின்சார மணி தொங்கும். காற்றை இறைக்க இறைக்கச் சத்தம் தேய்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் சுத்தமாக நின்றுவிடும், ஆனால் சுத்தி மணியை அடித்துக்கொண்டிருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட வாயைத் திறந்து பார்ப்பார்கள். இன்னொன்று உயிரியலுக்கு. பலூன் இரண்டு, கீழே ரப்பர்த் தாள் கட்டி நுரையீரல் மாதிரி செய்து காட்டுவதற்கு. அது இல்லாதபோது நீராவிப்போக்குச் சோதனைக்கு.

அந்தச் சோதனையைத்தான் உங்கள் இணைப்பில் எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஒரு தொட்டிச் செடியை எடுத்து, மண்ணிலிருந்து ஈரம் வராதபடி தொட்டியின் வாயைப் பாலித்தீன் தாளால் கட்டிவிட்டு, மணி ஜாடியால் மூடி வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி ஆகும். அப்புறம் அது துளித்துளியாகச் சேர்ந்து வழியும். அது தண்ணீர்தானா என்று காட்ட வெள்ளையாக இருக்கும் நீரற்ற தாமிர சல்பேட்டைத் தொட்டுக் காட்டுவோம், நீலமாகும். இலை வழியாக வந்த தண்ணீர்தான் அது. மண்ணை மூடியே இத்தனை என்றால் மண்ணையும் மூடாமல் வைத்தால் எவ்வளவு ஈரம் உள்ளேயே சுற்றும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கள்ளிக்கு வருகிறேன். கள்ளி, கற்றாழை, அந்தச் சதைப்பற்றான ரோஜா மாதிரி குட்டிச் செடிகள் எல்லாம் காய்ந்த இடத்துக்காரர்கள். தண்ணீரை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு வறண்ட காற்றில் நிற்கத் தெரிந்தவை. அவற்றைக் கொண்டுபோய் ஈரம் வெளியேறாத கண்ணாடிக்குள் அடைத்தால் முதலில் வேர், அப்புறம் தண்டின் அடி, தொட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். மேலே பச்சையாகவே இருக்கும், அதனால் தெரியாது, ஒருநாள் சாய்ந்த பிறகுதான் தெரியும். தினமும் மூடியைத் தூக்கிக் காற்றுக் காட்டலாமே என்று கேட்டால், காட்டலாம், ஆனால் கள்ளிக்கு எதற்கு மூடி? ஜன்னலோரம் சும்மா வைத்தாலே அது சந்தோஷமாக இருக்கும்.

மெழுகுவர்த்தியை மூடி வைத்தால் அணைந்துபோகும் என்பதற்கு ஆய்வகமே தேவையில்லை, உள்ளே ஆக்சிஜன் குறைந்ததும் போய்விடும். கண்ணாடி பெரியதாக இருந்தால் கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். அதற்குள் மேல் வளைவில் கரி பிடித்துவிடும், உச்சி சூடேறியிருக்கும், அந்தச் சூட்டில் ஈரத் துணியை வைத்தால் படாரென்று விரிசல் விடும். சாதாரணக் கண்ணாடி அது, தீயில் வைக்கிற ஆய்வகக் கண்ணாடி இல்லை. படத்தில் எப்படி எரிந்தது என்றால், பேட்டரி மெழுகுவர்த்தியாக இருக்கும், அல்லது படம் எடுத்த கையோடு மூடியைத் தூக்கியிருப்பார்கள்.

வரலாறு என்று சொன்னேனே, அது இங்கே. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றி இருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் குளிர்காலத்தில் கீரை வகைகளைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் இந்தக் கண்ணாடி மணிகளைப் பாத்தி முழுக்கக் கவிழ்த்து வைத்தார்கள். ஆனால் வெயில் ஏறினால் ஒரு பக்கத்தைத் தூக்கிக் குச்சியை முட்டுக்கொடுத்துக் காற்று விட்டார்கள். நம் ஆயாக்கள் விடிந்ததும் கொடாப்பைத் தூக்குகிற மாதிரியே. அவர்கள் அலங்காரத்துக்கு வைக்கவில்லை என்பதால் இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டு ஹாலுக்குள் அது வந்ததெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் வேலை. 1845இல் அங்கே கண்ணாடி மீதான வரியை எடுத்ததும் விலை இறங்கி, மெழுகுப் பூ, பாடம் பண்ணிய பறவை, கடிகாரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கண்ணாடிக்குள் கவிழ்த்தார்கள். செத்த பறவையை ஹாலில் வைப்பது என்ன ரசனையோ, விடுங்கள்.

அதே ஊரில் வார்டு என்று ஒரு டாக்டர். லண்டன் நிலக்கரிப் புகையில் அவர் வளர்த்த பெரணிச் செடிகள் செத்துக்கொண்டே இருந்தன. 1829இல் ஒரு விட்டில் பூச்சியின் கூட்டை ஈர மண்ணோடு மூடிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். பூச்சியை மறந்துவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் முளைத்திருக்கிறது. பகலில் ஈரம் கண்ணாடியில் ஏறும், மறுபடி மண்ணுக்கே இறங்கும், வெளியிலிருந்து சொட்டுத் தண்ணீர் வேண்டாம். அப்புறம் அதையே பெட்டியாகச் செய்து 1833இல் சிட்னிக்குக் கப்பலில் செடி அனுப்பினார், பல மாதப் பயணத்தில் உயிரோடு போய்ச் சேர்ந்தது. சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலை நாற்று வந்தது அந்தப் பெட்டிகளில்தான், 1860களில் நீலகிரிக்குச் சின்கோனா, அதாவது மலேரியா மருந்தான குயினைன் எடுக்கிற மரம், வந்ததும் அப்படித்தான். ஆக மூடிய கண்ணாடிக்குள் எது வாழும் என்பது ஏறக்குறைய 200 வருடமாகத் தெரிந்த விஷயம். நிழலும் ஈரமும் விரும்புகிற பெரணி, பாசி வாழும். கள்ளி வாழாது.

சரி, பாசி, ஆங்கிலத்தில் மாஸ் என்பார்களே அது. இதில்தான் எனக்குக் கோபம். என் தங்கை ஏற்காட்டில் இருக்கிறாள். அவள் மகளுக்கும் இந்தக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. உங்கள் பக்கத்தைப் பார்த்த மறுநாளே தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் கத்தியை வைத்துப் பாசியைத் தட்டுத் தட்டாகச் சுரண்டிக்கொண்டு வந்துவிட்டாள், கூடவே மரத்தில் ஒட்டியிருந்த ஒரு ஆர்க்கிடையும் பிய்த்து. “பெரியம்மா, இது சும்மா காட்டுச்செடி” என்கிறாள். மரத்தில் ஒட்டி வளர்கிற ஆர்க்கிடுக்கு வேர் காற்றில் இருக்க வேண்டும், மழை நனைக்க வேண்டும், உடனே காற்றில் காயவும் வேண்டும். கண்ணாடிக்குள் அது அழுகத்தான் செய்யும். அழுகியது. ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பண்ணை 1963லிருந்து இருக்கிறது, அங்கே போய் அவை எப்படித் தொங்கவிடப்பட்டிருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் பிய்க்க மனம் வராது. அதற்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதுதான் சிரமம், இவள் அங்கேயே இருக்கிறாள், இருந்தும் போனதில்லை.

பாசி வேண்டுமென்றால் மரத்தையும் பாறையையும் சுரண்ட வேண்டாம். மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரம், காம்பவுண்டுச் சுவரின் வடக்குப் பக்கம், மாடிப் படிக்குக் கீழே என்று நம் வீட்டிலேயே வழுக்குகிற அளவுக்கு இருக்கிறது. ஒரு அகலக் கரண்டியால் மண்ணோடு ஒரு வில்லை எடுங்கள், உள்ளங்கை அளவு போதும், அதுவே பரவும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, ஒட்டிக்கொள்ள நூல் மாதிரி ஏதோ இருக்கும், தண்ணீரை உடம்பு முழுக்கத்தான் குடிக்கும். அதனால் என்ன தண்ணீர் தெளிக்கிறோம் என்பது முக்கியம். எங்கள் தெருப் போர் தண்ணீரைத் தெளித்தேன், பத்து நாளில் பாசியின் நுனி வெளுத்து, கண்ணாடியில் உப்புப் பூத்துவிட்டது. இப்போது மழைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்கிறேன். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. சேலத்துச் சித்திரை வெயில் ஜன்னல் வழியாக அரை மணி நேரம் பட்டால் உள்ளே இருப்பது அவிந்துவிடும், இட்லிச் சட்டி மாதிரிதான். கண்ணாடி முழுக்க எப்போதும் வியர்த்தே இருந்தால் ஈரம் அதிகம், அரை நாள் மூடியை எடுத்து வைக்கலாம். காலையில் கொஞ்சம் வியர்த்து மதியம் தெளிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. அதே பெண் சேலத்துக்கு வந்திருந்தபோது காய்ந்த பூக்கள், காப்பிக் கொட்டைக் கொத்து எல்லாம் வைத்து அழகாக ஒன்று செய்தாள். நிஜமாகவே அழகு, நானே அசந்துபோனேன். காற்றே புகாதபடி அடியில் பசை போட்டு ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அன்று ராத்திரி போன், “பெரியம்மா உள்ளே தண்ணீர் நிக்குது.” நிற்காமல் என்ன செய்யும்? சேலத்தில் மழை பெய்து புழுங்கிக்கொண்டிருந்த நாளில் அந்தக் காற்றோடு மூடியிருக்கிறாள், பூவும் அடிக்கட்டையும் வேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரிக் குளிரில் உள்ளே இருந்த ஈரம் கண்ணாடியில் படிந்துவிட்டது. ஒரு மாதத்தில் பூவில் வெள்ளைப் பூஞ்சணம். ஒட்டியதால் திறக்கவும் முடியவில்லை. காய்ந்த பூ வைப்பவர்கள் நன்றாக வெயில் அடிக்கும் வறண்ட நாளில் மூடுங்கள், அடியில் மாத்திரை டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பூவுக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள், தயவுசெய்து ஒட்டாதீர்கள்.

அப்போது உனக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் மாமியாரின் தண்டை ஒரு ஜோடி இருக்கிறது, இங்கே சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் செய்தது, ஒவ்வொன்றும் கையில் எடுத்தால் கனக்கும். உள்ளே மணிகள், ஒன்றின் வளைவில் மட்டும் பாதத்தை உரசி உரசித் தேய்ந்து வழவழப்பான ஒரு இடம். இந்தக் காலத்தில் யாரும் போடப்போவதில்லை, பெட்டியில் கிடந்தால் யாரும் பார்க்கப்போவதும் இல்லை. அதைத்தான் கண்ணாடிக்குள் வைத்தேன். வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தக வாயுவால், மூடி வைத்தால் அது மெதுவாகும் என்பது கணக்கு. இரண்டே மாதத்தில் முன்னைவிட மோசமாகக் கறுத்துப்போனது! எனக்கே அவமானமாகப் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் மரக்கட்டையில் கண்ணாடி ஆடாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் வளையம் பதித்திருக்கிறார்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அதையும் வெள்ளியையும் ஒன்றாக அடைத்து வைத்தால் வேறென்ன ஆகும். வெள்ளிப் பட்டறையில் கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே என்று சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள்தான் நான். ரப்பரைப் பிடுங்கிவிட்டு, பழைய வேட்டிக் கரையை மடித்து வைத்து, தண்டையைத் திருநீறு போட்டுத் தேய்த்து, ஈரத்துக்கு ஒரு சாக்பீஸ் துண்டைப் பின்னால் போட்டேன். மூன்று வருடம் ஆகிறது. லேசாக மஞ்சள் ஏறியிருக்கிறது, கறுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், என் பேத்தி மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவாள்.

மண் பொம்மை, தலையாட்டி பொம்மை, பழைய கைக்கடிகாரம் எல்லாம் இப்படி வைக்கலாம், தூசிதான் அவற்றுக்கு எதிரி. பட்டுத் துணியும் பழைய போட்டோவும் வைத்தால் வெயில் படாத சுவரோரம் வையுங்கள், கண்ணாடி தூசியைத் தடுக்கும், வெளிறிப்போவதைத் தடுக்காது. கல்யாணத்துக்கு வந்த தாஜ்மகாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு போட்டு டிவி மேல் வைத்திருந்தோமே, அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள்தான் இப்போது ஆயிரத்து முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு பக்கம் பொம்மைக்கெல்லாம் கண்ணாடி மூடி, இன்னொரு பக்கம் சாயந்திரம் தட்டுவடை செட் வாங்கப் போனால் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சாலைப் புழுதியில் திறந்தே கிடக்கிறது. என்னத்தைச் சொல்ல.

அந்த ஆயிரத்து முந்நூறும் வேண்டாம். எனக்கு ஆன்லைனில் வந்த முதல் கண்ணாடி அட்டைப்பெட்டிக்குள் ஜல்லியாகத்தான் வந்தது, மாற்றித் தருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற அகல வாய்க் கண்ணாடி பாட்டில் பாத்திரக் கடையில் கிடைக்கும், மூடியைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்து, அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. உருக்காலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் தட்டுக்கா பஞ்சம். விளிம்பைக் கவிழ்ப்பதற்கு முன் விரலால் அல்ல, ஒரு துணியால் சுற்றித் தடவிப் பாருங்கள், நூல் மாட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. கடையில் கிடைக்கிற டோமாக இருந்தால் உச்சிக் குமிழை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் இன்னொரு கை வேண்டும். எங்கள் பதிவேட்டில் நான் எழுதிய உடைசல்களில் பாதி அந்தக் குமிழால் வந்ததுதான்.

கடைசியாக, நான் இதை எழுதியதற்கு உண்மையான காரணம். பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கள்ளி, இரண்டு கண்ணாடி வாங்கி டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்திருக்கிறாள். ஒன்று ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருக்கிறது. மூடியை எடுத்துவிடு கண்ணு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். “பேப்பர்லயே போட்டிருக்காங்கக்கா” என்கிறாள். அடுத்த ஞாயிறு நீங்களே போட்டுவிடுங்கள். அதற்கடுத்த ஞாயிறு என்றால் செடி தாங்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.